பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர்

பிரேக்ல கால் வச்சா பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாம காலோட சேர்ந்து அப்படியே தரை வரைக்கும் போறது எப்படி இருக்கும்னு எனக்கு இந்த வருஷம்தான் தெரிஞ்சுது. 1952 செவர்லே 3100, அரை டன் பிக்கப். வேகம் ரொம்ப இல்ல, முன்னாடி வண்டியும் இல்ல, அதனால தப்பிச்சேன். கியரை செகண்டுக்கு இறக்கி, பார்க்கிங் பிரேக்கை இழுத்து, ஓரமா உருட்டிக்கிட்டு போய் நிறுத்தி கீழ குனிஞ்சு பாத்தா பின் பக்க வலது வீல்ல உள்பக்கம் டயர் பூரா ஆயில். ஒரே ஒரு வீல் சிலிண்டர்ல, அதாவது சக்கரத்துல பிரேக் ஷூவை தள்ளுற சின்ன சிலிண்டர்ல, ஒரு ரப்பர் கப் கிழிஞ்சதுக்கு நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடுச்சு.

அந்த காலத்து வண்டி எல்லாம் அப்படித்தான், பெடல் அமுக்கினா பிரேக் ஆயிலை சக்கரங்களுக்கு தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ல ஒரே அறை, ஒரே லைன், எங்க ஒழுகினாலும் மொத்தமும் காலி. அமெரிக்க கார்கள்ல முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சர்க்யூட் இருக்கற மாஸ்டர் சிலிண்டர் 1967 மாடல்லதான் பொதுவா வந்துது. என் வண்டி அதுக்கு 15 வருஷம் முன்னாடி. முன் பக்கம் டிஸ்க் நான் ஏற்கனவே மாத்திட்டேன், ஆனா அதை இயக்குற மாஸ்டர் மட்டும் பழசாவே விட்டு வச்சிருந்தேன், அடுத்த வருஷம் பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னு. அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணேன், பழசை மொத்தமா எடுத்துட்டு, பெடல், அது தள்ளுற புஷ் ராட், எஞ்சின் வேக்கத்தால கால் பலத்தை கூட்டற பூஸ்டர், மாஸ்டர் எல்லாம் சேர்ந்த, ஃப்ரேம்ல மாட்டுற புது அசெம்பிளி போட்டுட்டுத்தான் வண்டியை வெளிய எடுக்கணும்னு.

நிறைய பேரு கேப்பாங்க, ஏன் ஃப்ரேம்ல, ஃபயர்வால்ல, அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற சுவர்ல, பூஸ்டரை மாட்டி மேல இருந்து தொங்குற பெடல் போட்டா வேலை சுலபமாச்சேன்னு. சுலபம்தான், எஞ்சின் பக்கமே நின்னுக்கிட்டு ஆயில் ஊத்தலாம், சேறு தண்ணி படாது. ஆனா இந்த வண்டியோட ஃபயர்வால் வெறும் தகடு, பூஸ்டர் மாதிரி ஒரு பாரத்தை அதுல தொங்கவிட்டு காலால அழுத்தினா தகடு வளையும், அந்த வளைவு எல்லாம் பெடல்ல ஸ்பாஞ்ச் மாதிரி தெரியும், அதை தடுக்க உள்ள வேற ப்ளேட் வெல்டிங் பண்ணணும். அதை விட எனக்கு முக்கியமா பட்டது, இந்த வண்டிக்கு பெடல் தரையில இருந்துதான் வரணும். குதிகாலை தரையில ஊனி காலை அப்படியே முன்னாடி சாய்க்கற அந்த ஓட்டுற விதம் இருக்கே, அது இந்த வண்டியோடது, அதை எடுத்துட்டா பாதி வண்டியை எடுத்த மாதிரி.

ஃப்ரேம்ல மாட்டுற அசெம்பிளின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். கனமான ஒரு இரும்பு ப்ராக்கெட், அது டிரைவர் பக்கத்து ஃப்ரேம் ரெயிலோட உள் பக்கத்துல போல்ட் ஆகும். அதுல ஒரு ஷாஃப்ட், அந்த ஷாஃப்ட்ல பெடல் ஆடும், என் கிட்ல கிளட்ச் பெடலும் அதே ஷாஃப்ட்லதான். பெடல் கை ஃப்ளோர்ல இருக்கற ஓட்டை வழியா மேல வரும், ஷாஃப்டுக்கு கீழ இருக்கற குட்டி முனையில புஷ் ராட். சீசா பலகை மாதிரிதான், மேல முன்னாடி அமுக்கினா கீழ் முனை பின்னாடி போகும், அதனால பூஸ்டரும் மாஸ்டரும் பெடலுக்கு பின்னாடி, கரெக்டா டிரைவர் சீட்டுக்கு கீழ போய் உக்காரும்.

பார்சல் வந்ததும் எல்லாரும் நேரா ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்துடறாங்க. நான் முதல்ல டேப்பை எடுத்தேன். பெடல் பேடோட நடு மையத்துல இருந்து ஷாஃப்ட் மையம் வரைக்கும் எவ்வளவு, ஷாஃப்ட் மையத்துல இருந்து புஷ் ராட் பின் வரைக்கும் எவ்வளவு, இதை வகுத்தா வர்றதுதான் பெடல் ரேஷியோ. எனக்கு வந்தது 12 இன்ச், 3 இன்ச், அதாவது 4க்கு 1. பூஸ்டர் இருந்தா இது போதும், பூஸ்டர் இல்லாம வெறும் கால் பலம்னா 6க்கு 1 கிட்ட வேணும். இந்த கணக்கு போடாம ரெண்டையும் மாத்திப் போட்டவங்க நிறைய, பூஸ்டருக்கு 6 ரேஷியோ போட்டா பெடல் நீளமா போய்ட்டே இருக்கும், லேசா தொட்டாலே வண்டி மூக்கை குத்தும், பூஸ்டர் இல்லாம 4 போட்டா கல்லை மிதிக்கற மாதிரி இருக்கும், வண்டி நிக்காது.

ஒரு சின்ன கணக்கு சொல்றேன், இது புரிஞ்சா மத்த எல்லாம் புரியும். கால்ல 70 பவுண்டு அழுத்தறீங்கன்னு வச்சுக்கோங்க. 4 ரேஷியோன்னா புஷ் ராட்ல 280 பவுண்டு. மாஸ்டரோட போர் (உள் விட்டம்) 1 இன்ச், அதோட பரப்பு 0.785 சதுர இன்ச், வகுத்தா 357 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு பவுண்டு) தான் வருது, டிஸ்குக்கு இது பத்தவே பத்தாது, நல்ல சடன் பிரேக்குக்கு 900, 1000 வேணும். மிச்சத்தை பூஸ்டர் குடுக்கணும். பூஸ்டருக்குள்ள வேக்கம் இழுக்கற ரப்பர் தட்டுதான் டயாஃப்ரம், அது 7 இன்ச்னா பரப்பு சுமாரா 38 சதுர இன்ச், எஞ்சின் 18 இன்ச் (பாதரச அளவுல) வேக்கம் குடுத்தா சதுர இன்ச்சுக்கு கிட்டத்தட்ட 8.8 பவுண்டு, அப்போ ஒரு டயாஃப்ரம் 340 பவுண்டு தள்ளும், உள்ள ரெண்டு டயாஃப்ரம் இருக்கற பூஸ்டர்னா கிட்டத்தட்ட அதுல ரெட்டிப்பு. இது ஏட்டுக் கணக்கு, நிஜத்துல கொஞ்சம் குறையும், ஆனா ஏன் சீட்டுக்கு அடியில இடமே இல்லாட்டியும் ரெட்டை டயாஃப்ரம் பூஸ்டரை கஷ்டப்பட்டு திணிக்கறாங்கன்னு இதுல தெரியும். சின்னதா இருக்குன்னு ஒத்தை டயாஃப்ரம் 7 இன்ச் வாங்கிடாதீங்க.

பழசை கழட்டுறது பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. எழுபது வருஷ துரு, ஊற ஊத்தி ஒரு நாள் விட்டு, வராத போல்ட்டை சூடு பண்ணி எடுத்தேன். பிரேக் ஆயில் பெயிண்டை தின்னும், அதனால ஒழுகற இடத்துல எல்லாம் துணி வச்சுக்கோங்க, சொட்டிடுச்சுன்னா உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க.

ப்ராக்கெட்டை ஓட்டை போடறதுக்கு முன்னாடி ரெண்டு சி கிளாம்ப் போட்டு ரெயில்ல பிடிச்சு வச்சுட்டு, பெடலை மாட்டி, மேல கேபின்ல உக்காந்து முழு தூரம் அமுக்கி அமுக்கி பாத்தேன். ஸ்டீயரிங் தண்டுல இடிக்குதா, கிளட்ச் பெடலும் இதுவும் ஒரே உயரத்துல இருக்கா, ஷூ போட்டா ரெண்டுக்கும் நடுவுல கால் சிக்குதா, கீழ பூஸ்டர் ஃப்ரேமோட குறுக்கு சட்டத்துல முட்டுதா. முதல் தடவை அரை இன்ச் முன்னாடி போயிடுச்சு, பூஸ்டர் பின்னாடி நல்லா இடமா இருந்துது ஆனா பெடல் ஓட்டையோட முன் விளிம்புல போய் இடிச்சுது. கிளாம்ப்தானே, தளர்த்தி நகத்தியாச்சு. இதையே ஓட்டை போட்ட பிறகு கண்டுபிடிச்சிருந்தா ரெயில்ல ரெண்டு ரெண்டு ஓட்டை பக்கத்து பக்கத்துல வந்திருக்கும்.

ஓட்டை எப்பவும் சி வடிவ ரெயிலோட செங்குத்தா நிக்கற நடு பட்டையில மட்டும்தான், மேலயும் கீழயும் மடிஞ்சிருக்கற விளிம்புல ஒரு ஓட்டை கூட போடக்கூடாது, ஃப்ரேம் வளையறப்ப முழு இழுவையும் அந்த விளிம்புலதான் விழும், அங்க போட்ட ஓட்டையில இருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். சின்ன பிட்ல ஆரம்பிச்சு படிப்படியா பெருசாக்கி, மெதுவான ஸ்பீடு, கட்டிங் ஆயில் சொட்டிக்கிட்டே. ஓட்டை விளிம்பை அரத்தால தேய்ச்சு பச்சை இரும்பு தெரியற இடத்துக்கு ப்ரைமர் அடிச்சேன். கிட்டோட வந்த போல்ட்டை நான் போடல, தலையில எந்த கோடும் இல்லாத சாதா போல்ட் அது. தலையில ஆறு கோடு இருக்கும் பாருங்க, கிரேடு 8, அந்த 3/8 இன்ச் போல்ட் வாங்கி, கனமான வாஷர், நைலாக் நட்டு, ரெயிலுக்கு பின் பக்கம் ஒரு கால் இன்ச் ப்ளேட், 45 அடி பவுண்டு டார்க். முடிச்சதும் ஒவ்வொரு நட்டுலயும் ப்ராக்கெட்டுலயும் சேர்ந்தாப்ல ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு. உயிரே அந்த நாலு போல்ட்ல தொங்குது, அதுல நான் கஞ்சத்தனம் பண்ண மாட்டேன்.

இப்ப ஒரு விஷயம், இது எனக்கு யாரும் சொல்லல. பெடல் ஃப்ரேம்ல இருக்கு, ஆனா பெடல் வெளிய வர்ற ஃப்ளோர் ஓட்டை கேபின்ல இருக்கு. கேபின் ஃப்ரேம் மேல ரப்பர் குஷன்ல உக்காந்திருக்கு. அதாவது வண்டி மேடு பள்ளத்துல போறப்ப ஃப்ரேம் முறுக்கும், கேபின் தனியா அசையும், பெடலும் ஓட்டையும் ஒண்ணா நகராது. நிக்கற வண்டியில பாத்தா பெடல் கை நடுவுல அழகா இருக்கும், ஓடறப்ப விளிம்புல உரசும். அதை எப்படி பாத்தேன்னா, பெடல் கையில ஃப்ளோர் மட்டத்துல பேப்பர் டேப் சுத்தி, விளிம்புல கொஞ்சம் கிரீஸ் தடவி, முன் பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டு தூக்கி ஃப்ரேமை முறுக்கி, பெடலை முழுசா அமுக்கி பாத்தேன். டேப்ல இடது பக்கம் ஒரு கறுப்பு கோடு. அந்த இடத்துல கால் இன்ச் அரத்தால தேய்ச்சு அகலப்படுத்தினேன், எல்லா பக்கமும் அரை இன்ச் இடைவெளி இருக்கற மாதிரி, அப்புறம் ரப்பர் பூட். பெடல் விளிம்புல சிக்கி திரும்பி வராம நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க, பிரேக் பிடிச்ச மாதிரியே வண்டி ஓடும்.

ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் அதே கதைதான். தொங்குற பெடல்னா பிரச்சனை கம்மி, ஆனா தரையில இருந்து வர்ற பெடல் ஷாஃப்டுக்கு மேல நீளமா நிக்குது, முன்னாடி சாஞ்சா அதோட எடையே புஷ் ராடை லேசா தள்ளிக்கிட்டே இருக்கும். அதனால பூஸ்டருக்குள்ள இருக்கற ஸ்பிரிங்கே பாத்துக்கும்னு விடாம வெளியில தனியா ஒரு நல்ல ஸ்பிரிங் மாட்டுங்க, பெடல் போய் நிக்கறதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாப்பரும் வைங்க.

அடுத்து லைன். 3/16 இன்ச் ட்யூப், நான் நிக்கல் காப்பர் போட்டேன், கையாலயே வளையுது, துரு பிடிக்காது, ஃப்ளேர் பண்றப்ப, அதாவது முனையை விரிச்சு மடிக்கறப்ப, வெடிக்கறது கம்மி. முனை எல்லாம் டபுள் ஃப்ளேர், ஒத்தை மடிப்பு பிரேக்குக்கு ஆகவே ஆகாது. ஃபிட்டிங்கை முதல்ல ட்யூப்ல கோத்துட்டு அப்புறம் ஃப்ளேர் பண்ணணும்னு தெரிஞ்சவங்களும் ஒரு தடவையாவது மறப்பாங்க, அதனால ட்யூப்ல மார்க்கர்ல "நட்டு" னு எழுதிட்டுத்தான் வெட்டினேன்.

மாஸ்டர் சிலிண்டர் கீழ ஃப்ரேம்ல இருக்கறதால ஒரு கூடுதல் வேலை உண்டு, ரெசிடுவல் வால்வு, காலை எடுத்த பிறகும் லைன்ல கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கற வால்வு. ஃபயர்வால்ல மாஸ்டர் இருந்தா ஆயில் மேல இருந்து கீழ இறங்கி நிக்கும். இங்க மாஸ்டர், டிஸ்க்ல பேடை அமுக்கற காலிபரை விட தாழ்வா இருக்கு, கால் எடுத்ததும் ஆயில் மெல்ல மெல்ல மாஸ்டருக்கே திரும்பி இறங்கிடும், காலிபர் பிஸ்டன் கொஞ்சம் பின் வாங்கும், அடுத்த தடவை முதல் மிதி வெத்தா போகும், ரெண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கும். அதை தடுக்க டிஸ்க் லைன்ல 2 பிஎஸ்ஐ வால்வு, டிரம் லைன்ல 10 பிஎஸ்ஐ வால்வு. டிரம்முக்கு ஏன் ஜாஸ்தின்னா அங்க ஷூவை இழுக்கற ஸ்பிரிங் பலமா இருக்கு, வீல் சிலிண்டர் கப்போட உதடு சுவரோட ஒட்டி நிக்கவும் அந்த அழுத்தம் வேணும். ரெண்டையும் மாத்தி போட்டா டிஸ்க்ல 10 பிஎஸ்ஐ நின்னு பேட் எப்பவும் உரசும். சில மாஸ்டர்ல டிரம் பக்கத்து அவுட்லெட்டுக்குள்ளயே இந்த வால்வு இருக்கும், ரெண்டு போட்டுடாதீங்க, வாங்குறப்பவே கேட்டுக்கோங்க. வால்வு மேல அம்புக்குறி சக்கரத்தை பாத்து இருக்கணும்.

பூஸ்டருக்கு வேக்கம் எடுக்கறதுக்கு இன்டேக் மேனிஃபோல்டுல வைப்பருக்கு போற சின்ன குழாய் ஒண்ணு ஏற்கனவே இருக்கு, இந்த வண்டியில வைப்பர் ஓடறதே வேக்கத்துலதான். அதுல டி போட்டு எடுத்துடலாம்னு ஆசை வரும், செய்யாதீங்க, அந்த ஓட்டை ரொம்ப சின்னது, ரெண்டு தடவை தொடர்ந்து மிதிச்சா மூணாவதுக்கு பூஸ்டர் தீந்துடும். தனியா 3/8 ஃபிட்டிங் போட்டு, வேக்கத்துக்குன்னே இருக்கற கனமான ஹோஸ், நடுவுல ஒரு பக்கமா மட்டும் காத்தை விடற செக் வால்வு. சாதா பெட்ரோல் ஹோஸ் போட்டா வேக்கத்துல சப்பையாகிடும். எக்ஸாஸ்ட் பைப் மாஸ்டருக்கு மூணு இன்ச் தள்ளி போகுது, அதுக்கு ஒரு தகடு மறைப்பு செஞ்சேன், இல்லாட்டி ஆயில் கொதிக்கும், டாட் 3 ஆயில் புதுசா இருந்தா 205 டிகிரி வரைக்கும் தாங்கும், ஈரம் இழுத்து பழசாச்சுன்னா அது 140க்கு இறங்கிடும். பிரேக் லைட்டுக்கு பெடல்லயே ஒரு மெக்கானிக்கல் சுவிட்ச், பிரஷர் வந்த பிறகு எரியற சுவிட்சை விட இது முந்தி எரியும், பின்னாடி வர்றவனுக்கு அந்த கண்ணிமைக்கற நேரம் கூட முக்கியம்.

ஏர் எடுக்கறதுக்கு என் பொண்ணு வந்தா. மாஸ்டரை வண்டியில மாட்டறதுக்கு முன்னாடியே வைஸ்ல பிடிச்சு, ரெண்டு அவுட்லெட்டுலயும் குட்டி ட்யூப் போட்டு அதே ஆயில்ல முக்கி, மெதுவா தள்ளித் தள்ளி குமிழி நிக்கற வரைக்கும் பண்ணியாச்சு. அப்புறமும் பெடல் பஞ்சு மாதிரியே இருந்துது. பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடதுன்னு தூரத்துல இருந்து கிட்ட வரைக்கும் ரெண்டு சுத்து வந்துட்டோம்.

"அமுக்கட்டுமாப்பா?"

"அமுக்கு... புடிச்சுக்கோ, புடிச்சுக்கோ... காலை எடுத்துடாதடா... ம், இப்ப விடு."

"அப்பா, இன்னும் மெத்துன்னுதான் இருக்கு."

கீழ படுத்துக்கிட்டு மேல பாத்தேன், அப்பதான் கண்ணுல பட்டுது. வண்டியோட முன் பக்கம் மட்டும்தான் ஸ்டாண்டுல இருந்துது, பின் சக்கரம் தரையில. மூக்கு தூக்கின மாதிரி நிக்குது. மாஸ்டரும் அதே சாய்வுல. சிலிண்டரோட ஒரு முனை மேல தூக்கி இருந்தா குமிழி அங்க போய் உக்காந்துக்கும், எத்தனை தடவை அமுக்கினாலும் வராது. பின் பக்கமும் தூக்கி ஸ்டாண்டு போட்டு, மாஸ்டர் மூடி மேல ஒரு குட்டி ரசமட்டம் வச்சு நேர் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஆரம்பிச்சோம். பின் வலது பக்கம் ட்யூப்ல புஸ்ஸுனு நுரை வந்துது, நாலாவது மிதியில சுத்தமான ஆயில். மேல இருந்து "அப்பா, கெட்டியாயிடுச்சு!"னு சத்தம். அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். மறுநாள் காலையில ஓட்டி பாக்க எடுத்தேன், முதல் அஞ்சு நிமிஷம் வெண்ணெய் மாதிரி பிரேக். பத்தாவது நிமிஷம் வண்டி இழுக்க மாட்டேங்குது, யாரோ பின்னாடி கயித்த கட்டி பிடிக்கற மாதிரி. பெடல் இன்னும் உசந்து கல்லு மாதிரி ஆயிடுச்சு. நிறுத்தி இறங்கினா முன் சக்கரத்துல இருந்து கரிஞ்ச வாசனை, ரிம்மை கையால தொட முடியல, உருட்டி பாத்தா வண்டி நகரவே இல்ல, பிரேக்கை யாரும் மிதிக்கல ஆனா பிரேக் பிடிச்சிருக்கு. சூடு ஆறினதும் தானா விட்டுடுச்சு.

இதோட காரணம் மாஸ்டருக்குள்ள ஊசி முனை அளவு ஒரு ஓட்டை. பெடலை முழுசா விட்டா பிஸ்டனோட கப் அந்த ஓட்டையை தாண்டி பின்னாடி வந்துடணும், அப்பதான் சூட்டுல விரியற ஆயில் அந்த ஓட்டை வழியா மேல டேங்குக்கு போகும். புஷ் ராட் ஒரு நூல் அளவு நீளமா இருந்து பிஸ்டனை தொட்டுக்கிட்டே இருந்தா கப் அந்த ஓட்டையை மூடியே வச்சிருக்கும். ஆயிலுக்கு போக வழி இல்ல, விரிஞ்சு பேடை தள்ளும், பேட் உரசும், இன்னும் சூடு, இன்னும் விரியும், பிடி இறுகிக்கிட்டே போகும். பெடல்ல ஒரு ஃப்ரீ பிளே, அதாவது சும்மா ஆடற இடைவெளி, விட்டிருந்தேன், அதனால இது இல்லன்னு நினைச்சேன். ஆனா பூஸ்டர் இருந்தா இடைவெளி ரெண்டு இடத்துல பாக்கணும், பெடலுக்கும் பூஸ்டருக்கும் நடுவுல ஒண்ணு, பூஸ்டரோட மறுமுனையில வெளிய வர்ற ராடுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவுல ஒண்ணு. கிட்டோட வந்த மாஸ்டரை விட்டுட்டு நான் வேற 1 இன்ச் போர் மாஸ்டர் போட்டேன், அதோட பிஸ்டன் குழி ஆழம் கம்மி. ரெண்டாவது இடைவெளியை நான் பாக்கவே இல்ல.

அது நிஜமாவே இதுதானான்னு உறுதி பண்ண ஒரு வழி இருக்கு. சூடா பிடிச்சிருக்கறப்ப மாஸ்டரை பூஸ்டர்ல பிடிச்சிருக்கற ரெண்டு நட்டை மட்டும் ரெண்டு மறை தளர்த்தணும். பிரேக் உடனே விட்டுடுச்சுன்னா குற்றவாளி ராட்தான். அப்படியும் விடாம, சக்கரத்துல ஏர் எடுக்கற ப்ளீடர் ஸ்க்ரூவை திறந்தப்புறம் விட்டா, லைன்லயோ வால்வுலயோ அடைப்பு. அதுக்கும் விடலன்னா காலிபர் பிஸ்டனே ஜாம். வேணும்னே மறுபடி ஓட்டி சூடாக்கி பாத்தேன், நட்டை தளர்த்தினதும் 'டொக்'னு ஒரு சத்தம், சக்கரம் சுத்துது.

இடைவெளி அளக்க பொண்ணோட பொம்மை செய்யற களிமண்ல ஒரு நீல உருண்டையை எடுத்து பிஸ்டன் குழிக்குள்ள ஒட்டினேன், மாஸ்டரை பூஸ்டர்ல வச்சு நட்டை முழுசா இறுக்கி, மறுபடி கழட்டி பாத்தா களிமண்ல ராட் நுனி நடுவுல அப்படியே ஓட்டை போட்டுட்டு இரும்பை தொட்டிருந்துது, மெல்லிசா ஒரு படலம் கூட இல்ல. ராட் நுனியில இருக்கற அட்ஜஸ்டர் போல்ட்டை கால் சுத்து உள்ள தள்ளினேன், மறுபடி களிமண், மறுபடி இறுக்கல். மூணாவது தடவை நுனி பட்ட இடத்துல மெல்லிசா ஒரு நீல வில்லை நின்னுது, அதை பிளேடால எடுத்து, அளக்கற கேலிப்பர் கருவியில அளந்தா அரை மில்லிமீட்டர், 0.020 இன்ச். இவ்வளவுதான் வேணும். இதை விட ஜாஸ்தி விட்டா பெடல் அந்த அளவுக்கு வெத்தா போகும், ரேஷியோ 4ன்னா இங்க அரை மில்லின்னா கால்ல ரெண்டு மில்லி.

மாட்டிட்டு ஆயில் ஊத்தி டேங்க் மூடியை திறந்து வச்சுட்டு, பொண்ணை பெடலை விரலால தொடற மாதிரி மெல்ல தொடச் சொன்னேன். டேங்குக்குள்ள ஆயில் மட்டத்துல சின்னதா ஒரு ஊத்து மாதிரி எழும்பிச்சு, ரெண்டு அறையிலயும். அந்த ஊத்து வந்தா ஓட்டை திறந்திருக்குன்னு அர்த்தம். முந்தின நாள் இதை ஒரு தடவை பாத்திருந்தா ஒரு ஜோடி பேடும் ரோட்டார்ல அந்த நீல நிறமும் மிச்சமாகியிருக்கும். இந்த ஒரு சோதனையை செய்யாம யாரும் ஃப்ளோரை மூடாதீங்க, தயவு செஞ்சு.

இன்னொண்ணு, ஃப்ளோர்ல ஆயில் பாக்கறதுக்கு பழைய மூடி இருந்த இடத்துல புது மாஸ்டர் வரல, நாலு இன்ச் பின்னாடி போயிடுச்சு. புதுசா ஓட்டை வெட்ட மனசு வரல, அதனால ஹோஸ் போட்டு ரெண்டு குட்டி டேங்கை கவுலுக்கு (முன் கண்ணாடிக்கு அடியில இருக்கற தகடு) கீழ கொண்டு வந்தேன், இப்ப பானெட்டை திறந்தாலே ஆயில் மட்டம் தெரியுது. சீட்டுக்கு அடியில இருக்கற மாஸ்டர்ல ஆயில் பாக்க சிரமமா இருந்தா நாம பாக்கவே மாட்டோம், பாக்காம விட்டதுதான் முதல் நாள் என்னை தரை வரைக்கும் கொண்டு போச்சு.

அதுக்கப்புறம் இருபது நிமிஷம், அப்புறம் ஒரு மணி நேரம், ஒவ்வொரு தடவையும் நிறுத்தி நாலு சக்கரத்தையும் கையால தொட்டு பாத்தேன். முன் ரெண்டும் வெதுவெதுன்னு, பின் டிரம் ரெண்டும் ஒரே மாதிரி. காலியான நேரான ரோட்டுல பலமா ஒரு மிதி மிதிச்சேன், வண்டி நேரா நின்னுது, முன்னாடி பூட்டிக்கல, பின்னாடி வழுக்கல, பின் பக்கத்து பிரேக் அழுத்தத்தை மட்டுப்படுத்தற ப்ரொபோர்ஷனிங் வால்வை அரை சுத்து மட்டும் மாத்தினேன்.

200 மைல் ஆச்சு. நேத்து அடியில படுத்து டார்க் ரென்ச்சை வச்சு நாலு போல்ட்டையும் பாத்தேன், 45ல கிளிக் ஆகுது, மஞ்சள் கோடு நாலுமே ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துதான் இருக்கு. பெடலோட ரப்பர் பூட் உள்ள டார்ச் அடிச்சு பெடல் கையில புதுசா சுத்தியிருந்த பேப்பர் டேப்பையும் பாத்துட்டேன், ஒரு கீறல் இல்ல.